மறதி வயதாலா, மாத்திரையாலா?

பொத்தேரி ரெயில் நிலையத்தில் மாலை 5 மணிக்கு நின்று பாருங்கள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். அந்தக் கூட்டத்தின் நடுவே தலை நரைத்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் என் பெரியப்பா. வயது 72. ரெயில்வேயில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை எல்லா நிலையங்களின் பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்லுவார். பின்னாலிருந்து முன்னாலும் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் தாம்பரத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு ரெயில் ஏறினார். பொத்தேரியில் இறங்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் போய் இறங்கினார். நடைமேடையில் நின்றுகொண்டு, "தம்பி, இது எந்த ஊர்?" என்று ஒரு பையனைக் கேட்டிருக்கிறார்.

பையன் நல்லவன். போனை வாங்கி வீட்டுக்குப் பேசினான். ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தார்.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "அவருடைய அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது" என்றார் பெரியம்மா. மூத்த மகன் போனில் எதையோ படித்துவிட்டு, "இது மறதி வியாதிதான், சந்தேகமே இல்லை" என்றான். நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது, பாங்கிக் கணக்கில் யார் பெயரைச் சேர்ப்பது என்று பேச்சு போயிற்று.

இதையெல்லாம் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறதிக்காரர் என்று முடிவு கட்டிவிட்டால், காது கேட்கும் என்பதும் மற்றவர்களுக்கு மறந்துவிடுகிறது!

மஞ்சள் பையில் ஒன்பது தினுசு

ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் ஓர் இளம் பெண். மூளையைப் படம் எடுக்கச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு.

"ஐயா, நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் ஒன்று விடாமல் நாளைக்குக் கொண்டுவாருங்கள். சீட்டு வேண்டாம். மாத்திரைகளையே பார்க்க வேண்டும்."

கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மஞ்சள் பை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் போனோம். டாக்டர் பையை மேஜைமேல் கவிழ்த்தார். எண்ணிப் பார்த்தால் ஒன்பது தினுசு!

ரத்தக் கொதிப்புக்கு ஒன்று. சர்க்கரைக்கு ஒன்று. கொழுப்புக்கு ஒன்று. வயிற்று எரிச்சலுக்கு ஒன்று. அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று வேறொரு டாக்டர் கொடுத்தது ஒன்று. மலச்சிக்கலுக்கு ஒன்று. தூக்கத்துக்கு அரை மாத்திரை. டெலிவிஷனில் பார்த்து வாங்கிய ஞாபக சக்தி டானிக் ஒரு புட்டி. கடைசியாக, சளி மாத்திரை.

"சளி பிடித்திருக்கிறதா, ஐயா?"

"இப்போது இல்லை, அம்மா. ஐப்பசி மழையில் மூக்கு ஒழுகிற்று. அப்போது கடையில் வாங்கினேன். போட்டால் நன்றாகத் தூக்கம் வந்தது. அப்படியே பழகிவிட்டது."

"எந்த வருஷத்து ஐப்பசி?"

பெரியப்பா யோசித்தார். பெரியம்மாதான் பதில் சொன்னார்: "அது ஆகிறது மூன்று வருஷம்."

டாக்டர் சளி மாத்திரையையும், தூக்க மாத்திரையையும், சிறுநீர் மாத்திரையையும் தனியாக ஒதுக்கி வைத்தார். "படம் எடுப்பது இருக்கட்டும். முதலில் இந்த மூன்றையும் கவனிப்போம்" என்றார்.

எங்களுக்கு ஆச்சரியம். தெருமுனைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சளி மாத்திரைக்கும், சிங்கப்பெருமாள் கோவிலில் போய் இறங்கியதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஊமத்தஞ்செடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஊமத்தை செய்த வேலை

ஊமத்தையைத் தெரியாத தமிழர் இல்லை. குப்பைமேட்டில் தானாக முளைக்கும். பூவைச் சிவனுக்குச் சாத்துவார்கள். காயில் முள் இருக்கும். விதை விஷம்.

வெள்ளைக்காரர் காலத்தில் வழிப்பறிக்காரர்கள் இந்த விதையை அரைத்து, வழிப்போக்கர்களின் சாப்பாட்டில் கலந்துவிடுவார்கள். அந்தக் காலத்துப் போலீஸ் குறிப்புகளில் இத்தகைய வழக்குகள் ஏராளம். சாப்பிட்டவருக்கு நாக்கு வறளும். கண் மங்கும். சிறுநீர் போகாது. பிதற்றுவார். மயங்கி விழுவார். தெளிந்து எழுந்தபின், என்ன நடந்தது, யார் உடன் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திருடனுக்கு அதுதானே வேண்டும்!

ஊமத்தை ஏன் நினைவை அழிக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று.

நம் உடம்பில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், அந்தச் செய்தியை ஏந்திப் போக ஒரு ரசாயனப் பொருள் வேண்டும். அத்தகைய பொருள்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அசிட்டைல்கோலின். பெயர் வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை. "தபால்காரர்" என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் தபால்காரரைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா நாட்டில் கிராட்ஸ் நகரத்தில் இருந்த விஞ்ஞானி ஆட்டோ லோவி. அது ஒரு வேடிக்கையான கதை. ஒரு நாள் இரவு அவருக்கு ஒரு கனவு வந்தது. எந்தச் சோதனையைச் செய்தால் உண்மை தெரியும் என்று கனவிலேயே விளங்கிவிட்டது. பாதித் தூக்கத்தில் எழுந்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். காலையில் பார்த்தால் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. கனவும் மறந்து போயிற்று! நாள் முழுவதும் தவித்தார். மறுநாள் இரவு அதே கனவு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. அந்த நேரத்திலேயே எழுந்து சோதனைச்சாலைக்கு ஓடினார். இரண்டு தவளைகளின் இதயங்களை வைத்துச் சோதனை செய்தார். 1921-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அந்தப் பொருள் இன்னது என்று அடையாளம் காட்ட இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேலின் ஆராய்ச்சி உதவிற்று. 1936-ம் ஆண்டில் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

மூளையில் புதிய விஷயங்களைப் பதிய வைக்க இந்தத் தபால்காரர் அவசியம் வேண்டும். ஊமத்தையில் உள்ள ஸ்கோபலமைன் என்ற பொருள் தபால்காரரை ஒன்றும் செய்வதில்லை. அவர் கடிதம் போட வருகிற பெட்டியின் வாயை அடைத்துவிடுகிறது. கடிதம் வரும், பெட்டிக்குள் விழாது.

1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் டிராக்மன், லெவிட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஸ்கோபலமைனைச் சிறிய அளவில் கொடுத்தார்கள். பிறகு ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். சொன்ன நாலைந்து எண்களை உடனே திருப்பிச் சொல்ல இளைஞர்களால் முடிந்தது. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்று மனத்தில் நிறுத்த முடியவில்லை. அவர்கள் வாங்கிய மார்க்கு, மருந்தே சாப்பிடாத வயோதிகர்கள் வாங்கிய மார்க்கைப் போலவே இருந்தது! ஒரு மருந்து சில மணி நேரத்துக்கு இளைஞனைக் கிழவனாக்கிவிட்டது.

சரி, இன்றைக்கு யார் ஊமத்தை சாப்பிடுகிறார்கள் என்று கேட்பீர்கள்.

நேராக யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் அதே தபால் பெட்டியை அடைக்கிற குணம், ஓரளவுக்கு, நாம் அன்றாடம் விழுங்குகிற பல மாத்திரைகளுக்கு இருக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற குளோர்பெனிரமைன் அவற்றில் ஒன்று. "சி.பி.எம்." என்று சொல்லுவார்கள். (கட்சி அல்ல, மாத்திரை!) சில இருமல் மருந்துகளில் உள்ள டைபென்ஹைட்ரமைன், சிறுநீரை அடக்குவதற்கான ஆக்சிபியூட்டினின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தருகிற அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குத் தருகிற டிரைஹெக்சிபெனிடில் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இவற்றைச் சாப்பிட்டால் வாய் உலர்வதும், மலம் கட்டுவதும், கண் மங்குவதும் இதனால்தான். ஊமத்தை வேலையின் சின்னப் பதிப்பு! பெரியப்பாவுக்கு மலச்சிக்கல் எப்படி வந்தது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு மாத்திரை மலச்சிக்கலைக் கொடுத்தது. மலச்சிக்கலுக்கு இன்னொரு மாத்திரை வந்தது. இப்படித்தான் மஞ்சள் பை பெருக்கிறது.

இளைஞருக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று

"அதே சளி மாத்திரையை நானும்தான் போடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று வீட்டிலுள்ள இளைஞர் கேட்கலாம்.

வயது ஏற ஏறச் சிறுநீரகமும் ஈரலும் மெதுவாகவே வேலை செய்கின்றன. உள்ளே போன மருந்து சீக்கிரம் வெளியேறுவதில்லை. உடம்பில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. சில மருந்துகள் அந்தக் கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்கின்றன. போதாததற்கு, மூளையில் தபால்காரர்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்கும்.

டயசிபாம் என்ற தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வயதுக்காரர் உடம்பில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. 80 வயதுக்காரர் உடம்பில் ஏறக்குறைய 90 மணி நேரம் ஆகிறது. திங்கட்கிழமை ராத்திரி போட்ட மாத்திரையில் பாதி, வெள்ளிக்கிழமையும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது! தினமும் ஒன்று போட்டால் கணக்கு என்ன ஆகும்?

தூக்க மாத்திரைகள் தபால் பெட்டியை அடைப்பதில்லை. அவை மூளை முழுவதையுமே தாலாட்டி மந்தமாக்குகின்றன. மாத்திரை போட்ட பிறகு பேசியது, செய்தது மறுநாள் நினைவில் இராது. நடை தள்ளாடும். ராத்திரி எழுந்து கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பெரியவர்கள் எத்தனையோ பேர்.

இவற்றையெல்லாம் கருதித்தான், முதியவர்களுக்கு எந்த மருந்து ஆகாது என்று அமெரிக்க டாக்டர் மார்க் பீர்ஸ் 1991-ம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அந்தப் பட்டியலை இன்றைக்கும் திருத்தி வெளியிடுகிறார்கள். 2023-ம் ஆண்டுத் திருத்தத்திலும் பழைய வகைச் சளி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் இடம் பெற்றிருக்கின்றன.

நிரந்தர மறதி வருமா?

பெரியவர்களைப் பயமுறுத்துகிற கேள்வி இது. கவனமாகப் பதில் சொல்ல வேண்டும்.

மாத்திரை உடம்பில் இருக்கிற வரையில் ஞாபகம் மங்கும் என்பதில் தகராறு இல்லை. மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால், நிறுத்திய பிறகும் போகாத மறதி வியாதி வருமா என்பதில்தான் தகராறு.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைச் சராசரியாக 7 வருஷத்துக்கு மேல் கவனித்து வந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களில் ஒருவருக்கும் மறதி வியாதி கிடையாது. முடிவில் 797 பேருக்கு வந்துவிட்டது. தபால் பெட்டியை அடைக்கிற மாத்திரைகளை மிக அதிகமாக, அதாவது தினம் ஒன்று வீதம் மூன்று வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட அளவுக்கு, எடுத்துக்கொண்டவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களை விட 54 சதவிகிதம் அதிக அபாயம் தெரிந்தது. 2015-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

2019-ல் இங்கிலாந்தில் இன்னும் பெரிய கணக்கு எடுத்தார்கள். மறதி வியாதி கண்ட 58,769 பேரின் மருந்துச் சீட்டுகளைப் பார்த்தார்கள். மனச்சோர்வு மாத்திரை, சிறுநீர் மாத்திரை, நடுக்க மாத்திரை ஆகியவற்றுக்கு எதிராகச் சாட்சி கிடைத்தது. சளி மாத்திரைக்கு எதிராக அந்தக் கணக்கில் சாட்சி கிடைக்கவில்லை.

தூக்க மாத்திரையின் கதையும் அப்படித்தான். 2014-ல் கனடாவிலிருந்து வந்த கணக்கு அதைக் குற்றவாளி என்றது. 2016-ல் சியாட்டிலிலிருந்து வந்த கணக்கு, அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்குக்கூட அபாயம் அதிகமாகவில்லை என்றது.

ஏன் இந்தக் குழப்பம்? பொத்தேரி ஏரி நிரம்புகிற வருஷமெல்லாம் கடையில் குடை அதிகமாக விற்கும். அதனால், குடை விற்றதால்தான் ஏரி நிரம்பிற்று என்று சொல்லலாமா? மறதி வியாதி வெளியே தெரிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே தூக்கம் கெடும், மனம் சோரும். அதற்காகத்தான் மாத்திரை கொடுத்திருப்பார்கள். பிறகு வியாதி வெளிப்பட்டதும் பழி மாத்திரைமேல் விழும். எது மழை, எது குடை என்று பிரிப்பது சுலபமல்ல.

என் அபிப்பிராயம் இது: நிரந்தர மறதி பற்றிய வழக்கு முடியட்டும். இன்றைக்கு இறங்க வேண்டிய நிலையம் மறந்து போகிறதே, அது போதாதா ஒரு மாத்திரையை விசாரிக்க?

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று 2023-ல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சி சொல்லுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுகிற மாத்திரை மெட்பார்மின். நல்ல மாத்திரை. மலிவான மாத்திரை. ஆனால் பல வருஷம் சாப்பிட்டால், சாப்பாட்டிலுள்ள பி-12 வைட்டமினை உடம்பு ஏற்பது குறையலாம். வயிற்று அமிலத்தை அடக்குகிற மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டாலும் அப்படியே. பி-12 குறைந்தால் கால் மரத்துப் போகும், களைப்பு வரும், ஞாபகமும் குறையும். பி-12 இருப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில். காய்கறியில் கிடையாது. ஆகவே சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதற்காக மெட்பார்மினை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரி செய்துவிடலாம். 2022-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே இப்படிப் பரிசோதிக்கும்படி டாக்டர்களுக்கு அறிவுரை அனுப்பிற்று. பெரியப்பாவுக்கும் பார்த்தார்கள். குறைவாகத்தான் இருந்தது.

இன்னொரு சங்கதி. சில சர்க்கரை மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். கிளைபென்கிளமைட் அப்படிப்பட்ட ஒன்று. பெரியவர் திடீரென்று வேர்த்து விறுவிறுத்து, சம்பந்தமில்லாமல் பேசினால் அது புத்திக் கோளாறாக இராது. மூளைக்குச் சர்க்கரை போதாமல் இருக்கலாம். விழுங்குகிற நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

எல்லா மாத்திரையும் எதிரியா?

இதைப் படித்துவிட்டு மஞ்சள் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டால் மோசம் போவீர்கள்!

ரத்தக் கொதிப்பு மாத்திரை ஞாபகத்துக்குச் சிநேகிதன். 2019-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேர் சேர்ந்திருந்தார்கள். கொதிப்பை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு லேசான ஞாபகக் குறைவு ஏற்படுவது 19 சதவிகிதம் குறைந்தது. கொழுப்பு மாத்திரை மறதி தரும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட 18,846 பேரைக் கவனித்து 2021-ல் வெளியிட்ட முடிவில் அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. பல மாதம் பழகிய உடம்புக்கு அது சட்டென்று நின்றால் நடுக்கம் வரும், தூக்கம் அடியோடு போகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். கால், அரைக்கால் என்று டாக்டர் சொல்லுகிறபடி குறைக்க வேண்டும்.

ஆல்ப்ரசோலம், டயசிபாம் முதலிய தூக்க மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2013-ல் மத்திய அரசாங்கம் கொண்டுவந்த எச்-1 என்ற பட்டியலில் அவை இருக்கின்றன. 2014 மார்ச் 1-ந் தேதி முதல் இது அமலில் உள்ளது. யார் எழுதிக் கொடுத்தது, யார் வாங்கியது, எவ்வளவு என்று கடைக்காரர் தனிப் புத்தகத்தில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் பழைய சீட்டு ஒன்றைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் வாங்கினார். மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டு அது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தது நாங்கள்தான்.

ஞாபகத்தை விலைக்கு வாங்கலாமா?

பைக்குள் ஒரு டானிக் புட்டி இருந்ததே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மருந்து, அழகுப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. இன்ன இன்ன கோளாறுகளைத் தீர்ப்பதாக எந்த ஆங்கில மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அந்த அட்டவணை. புற்றுநோய், வழுக்கை முதலியவற்றோடு, "மூளைத் திறனைப் பெருக்குதல், ஞாபக சக்தியை வளர்த்தல்" என்பதும் அதில் இருக்கிறது! சட்டத்துக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம் நமக்குத்தான் தெரியவில்லை.

ஜின்கோ என்ற சீன மரத்தின் இலைச் சாற்றை ஞாபக சக்திக்காக உலகம் முழுவதும் விற்கிறார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேருக்கு அதைக் கொடுத்துப் பல வருஷம் பார்த்தார்கள். மறதி வியாதி வருவதை அது தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது.

நம் ஊர் வல்லாரை, நீர்ப்பிரமி எப்படி? நீர்ப்பிரமியை 65 வயதுக்கு மேற்பட்ட 54 பேருக்கு 12 வாரம் கொடுத்து, 2008-ல் அமெரிக்காவில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கேட்ட சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுபடுத்துவதில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. 54 பேர் என்பது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு வரட்டும். வல்லாரைத் துவையல் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. சித்த மருந்தாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 2005-ம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம். போகும்போது ஆங்கில மாத்திரைகளையும் மறைக்காமல் காட்டுங்கள். இரண்டையும் ஒரே வயிறுதான் வாங்கிக்கொள்கிறது.

வீடு தேடி வருகிற மாத்திரை

இது ஒரு குடும்பத்துக் கதை அல்ல. நாடே நரைத்துக்கொண்டு வருகிறது.

2011 ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். 2021-ல் இது 13.6 சதவிகிதம் ஆகும் என்று மத்திய அரசாங்க நிபுணர் குழு மதிப்பிட்டது. கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி வியாதி இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது.

முதியோர் வைத்தியத்தில் சென்னை முன்னோடி ஊர். 1978-லேயே சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதலாவது. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. பொத்தேரியிலிருந்து மின்சார ரெயில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம்.

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. இதைப் பாராட்டி ஐக்கிய நாடுகள் சபையின் விருது 2024-ல் கிடைத்தது. நியாயமான பாராட்டு. ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்ற கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள்.

ஆனால் அரசாங்கம் கொடுக்கிற மாத்திரை மட்டுமா வீட்டில் இருக்கிறது? கண் டாக்டர் ஒன்று தருகிறார். எலும்பு டாக்டர் ஒன்று தருகிறார். கடையில் நாமே ஒன்று வாங்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரர், "எனக்குக் கேட்டது, நீங்களும் போட்டுப் பாருங்கள்" என்று ஒன்று கொடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் தாம் கொடுத்தது மட்டும் தெரியும். மொத்தத்தையும் ஒரே மேஜையில் கொட்டிப் பார்க்கிறவர் யார்?

மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிற திட்டம், வீட்டிலிருக்கிற மாத்திரைகளைப் பார்வையிடுகிற திட்டமாகவும் விரிய வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். வீட்டுக்கு வருகிற சுகாதாரப் பெண்மணி மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினால், எத்தனையோ மூளைப் படச் செலவு மிஞ்சும். அதுவரையில் இந்த வேலையைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் செய்ய வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அட்டையில் இருக்கிற மருந்தின் பெயர், எதற்காக, எப்போதிலிருந்து, யார் சொல்லி என்று நாலு விவரம் எழுதிக்கொள்ளுங்கள். "எதற்காக" என்ற இடம் காலியாக இருந்தால், டாக்டரிடம் முதலில் அந்த மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்.

பெரியப்பாவின் சளி மாத்திரை அன்றைக்கே நின்றது. சிறுநீர் மாத்திரைக்குப் பதிலாக மாலையில் காப்பியைக் குறைக்கச் சொன்னார்கள். தூக்க மாத்திரையை இரண்டரை மாதத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த இரண்டரை மாதமும் வீட்டில் யாருக்கும் நல்ல தூக்கம் இல்லை. நடுராத்திரியில் எழுந்து ரேடியோ போடுவார். பெரியம்மாவின் பொறுமைக்குத்தான் விருது கொடுக்க வேண்டும். பி-12 ஊசியும் போட்டார்கள். எது எவ்வளவு உதவிற்று என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஞாபகம் முழுவதும் திரும்பிவிடவில்லை. கண்ணாடியை வைத்த இடத்தைத் தேடுகிறார். பேரனைக் கூப்பிட மகன் பெயர் வாயில் வருகிறது. 72 வயதில் அது இருக்கும். மறதி வியாதி இல்லை என்று ஆறு மாதம் கழித்துப் பரீட்சை வைத்துச் சொன்னார்கள். பொத்தேரியில் சரியாக இறங்குகிறார்.

போன மாதம் நான் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், தாம்பரம் நிலையத்து டீக்கடை வாசலில், அவரிடம் நான் கைமாற்றாக வாங்கிய 300 ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.